கரடிப் பெட்சீட்டுக்கு அந்தப் பக்கம்

பேய், பிசாசு என்று யாராவது தொடங்கினால் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். ஜின் உண்டென்று மார்க்கம் சொல்கிறது, அதை மறுக்க எனக்குத் தைரியமும் இல்லை, தகுதியும் இல்லை. ஆனால் அந்த ஜின்னுக்கு உலகத்தில் வேறு வேலையே கிடைக்காமல் கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் குந்திக்கொண்டு போகிறவர் வருகிறவரிடம் பீடி கேட்கிறது என்று சொன்னால் அதை எப்படி நம்புவது? நாலு புத்தகம் படித்தவன் என்ற திமிரும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது. ஆகவே இதை வாசிக்கும்போது உங்கள் உதட்டோரத்தில் வரப்போகிற சிரிப்பு எனக்குத் தெரியாததல்ல. அது என்னுடைய சிரிப்புத்தான், ஊரில் எத்தனையோ பேருக்கு நான் கொடுத்தது.

நான் ரேடியோவுக்கு வந்த கதையிலிருந்து சொன்னால்தான் விளங்கும். சின்ன வயதிலேயே கண்ணாடிக்கு முன்னால் சீப்பைப் பிடித்துக்கொண்டு செய்தி வாசித்துப் பழகியவன். "சோறு போடட்டாடா?" என்று உம்மா கேட்டால், "தற்போது பசியில்லை" என்று அடிவயிற்றிலிருந்து பதில் சொல்லி அகப்பையால் அடி வாங்கியவன். அப்படிப்பட்ட குரல்வளத்துக்கு எந்த வானொலியும் கதவைத் திறக்கவில்லை. பிறகு கடல் வந்தது. சுனாமி முடிந்த கையோடு எங்கள் பக்கத்தில் முளைத்த ஒரு குட்டி வானொலியில், மரண அறிவித்தல் வாசிக்க இருந்த ஒருவருக்குத் தொண்டை கட்டிப்போய், அந்த இடத்துக்கு என்னை எடுத்தார்கள். எனக்குத் தொழில் கொடுத்தது கடல்தான். என்னைப் பேட்டி காண வருகிற பிள்ளைகளிடம் இதைச் சொல்வதில்லை, 'ஊடகத்தின் மீதான தீராத வேட்கை' என்று ஏதோ சொல்லிச் சமாளிக்கிறேன்.

மரண அறிவித்தலோடு இன்னொரு வேலையும் தந்தார்கள். காணாமல் போனவர்களின் குடும்பத்தாரைக் கண்டு பேசி, பதிவு செய்துகொண்டு வந்து, மறுநாள் ஒலிபரப்புவது. முதலாவது பேட்டிக்கே என்னைத் தேடி வந்தவர் நசார் காக்கா; அண்ணனை நாங்கள் காக்கா என்போம். மருதமுனைக் கரையில் அவருடைய தங்கச்சி பரீதா. தங்கச்சி புருசன் இஸ்மாயில் தோணிக்காரர், படகு எஞ்சினும் திருத்துவார். கடல் வந்த காலையில் கரையில் நின்றவர், பிறகு இல்லை. அடக்க மையித்தும் கிடைக்கவில்லை.

"எல்லாரும் மௌத்தாப் பெய்த்தாரு எண்டுட்டாங்க தம்பி. பள்ளியிலயும் சொல்லியாச்சு, இத்தா இருக்கச் சொல்லி. அவ ஏலாதாம். அவரு ஹயாத்தோட இரிக்காராம், நான் பொஞ்சாதி, கைம்பெண் இல்ல எண்டுறா" என்றார் நசார் காக்கா.

கணவன் இறந்தால் எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் கண்ணில் படாமல் வெள்ளை உடுத்து வீட்டோடு இருப்பதுதான் இத்தா. இருந்தால் அவர் இல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும், அதனால் பரீதா இருக்க மறுத்தா. அதுகூடப் பரவாயில்லை. முன்சுவர் இல்லாத, ஓரறை மட்டும் கூரையோடு நிற்கிற அந்த உடைந்த வீட்டை விட்டும் வர மறுத்தா. அவர் திரும்பி வந்தால் இந்த வீட்டுக்குத்தானே வருவார், நான் இல்லாவிட்டால் எங்கே தேடுவார் என்பது அவவின் கேள்வி. பிள்ளைகள் இரண்டும் நசார் காக்காவின் வீட்டில். அவர் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாலும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாவாம். சோறு கொண்டுபோனால் பாதியைத் தின்றுவிட்டு மீதியை அவருக்கென்று மூடிவைக்கிறாவாம்.

"ரேடியோவில ஒருக்கா அவரக் கூப்பிட உடுங்க எண்டு கேக்கிறா. கூப்பிட்டாவது மனசு ஆறட்டும். இல்லாட்டி இந்தப் புள்ள நமக்கு மிஞ்சாது தம்பி" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெரிய மனிதர் எங்கள் படிக்கட்டில் குந்தி அழுதார்.

அடுத்த நாள் பின்னேரம், அசர் தொழுகைக்குப் பிறகு போனேன். வெயில் நன்றாக இருந்தது. இருட்டு, மழை, நாய் ஊளை ஒன்றும் இல்லை. இந்த மாதிரிக் கதைக்கு வேண்டிய எந்த வசதியும் அன்றைக்குக் கிடைக்கவில்லை. நசார் காக்காவைப் பொறுத்தவரை தங்கச்சி இத்தாவில் இருக்கவேண்டியவ, ஆகவே என் கண்ணில் படக்கூடாது. பரீதாவைப் பொறுத்தவரை புருசன் உயிரோடு இருக்கிறார், ஆகவே மறைப்பு எதற்கு? இரண்டு பேரும் சண்டை பிடித்து, கடைசியில் அறைவாசலில் ஒரு பெட்சீட்டைத் தொங்கவிட்டு முடித்திருந்தார்கள். நிவாரணத்தில் வந்தது. பலூன் பிடித்த கரடிக்குட்டிகள் படம். என் வாழ்க்கையின் முதல் பேட்டி, நான் ஒரு கரடியைப் பார்த்துக்கொண்டு எடுத்தது.

மைக் ஒன்றுதான். அதை நசார் காக்கா பெட்சீட்டுக்குக் கீழால் உள்ளே கொடுத்துப் பரீதாவுக்கு முன்னால் ஒரு முக்காலியில் வைத்துவிட்டு வந்தார். ரெக்கோடர் என் மடியில். என் குரல் அந்தப் பக்கத்து மைக்கில் சரியாக விழாதென்று எங்கள் ஒலிப்பதிவாளர் ஜீவா அண்ணன் முதலே சொல்லியிருந்தார். பாண்டிருப்பு ஆள், வாய் கொஞ்சம் நீளம். "உன்ட கேள்விய ஆருக்கு வேணும்? அவவின்ட பதில எடுத்துக்கொண்டு வா. கேள்விய இஞ்ச ஸ்டூடியோவில வச்சு, உன்ட பீப்பாக் குரலில திருப்பிக் கேக்கலாம்" என்று அனுப்பியிருந்தார். ஹெட்போன் இருந்த ஒன்றையும் அவரே வைத்துக்கொண்டார். ஆக, மைக்குக்குள் என்ன போகிறதென்று காதால் கேட்க எனக்கு வழியில்லை. ரெக்கோடரில் சத்தத்துக்குத் துள்ளுகிற ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் இருந்தது.

நசார் காக்கா கிணற்றடிக்குப் போய், அங்கே கிடந்த மச்சானின் எஞ்சினில் உப்பைச் சுரண்டத் தொடங்கினார். நான் தொடங்கினேன்.

"அந்தத் துயரமான தருணத்தை எமது நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள முடியுமா?"

சத்தமில்லை. விளக்கு மட்டும் மெல்லத் துள்ளியது. கடற்காற்று என்று நினைத்தேன். பிறகு பரீதாவின் குரல் வந்தது, ஆறுதலாக, அடுப்படியிலிருந்து பேசுகிற மாதிரி.

"ஓம். ரெண்டும் காக்காட ஊட்டதான். சின்னவனுக்குக் காய்ச்சல் உட்டிட்டு."

சரி, மனம் குழம்பியிருக்கிறது என்று அடுத்த கேள்விக்குப் போனேன். "உங்கள் கணவரை இறுதியாக எப்போது கண்டீர்கள்?"

மறுபடி அமைதி. விளக்கு துள்ளியது.

"இல்ல, அத ஒருத்தருக்கும் குடுக்கல்ல. கிணத்தடியிலதான் கிடக்கு. காக்கா சுரண்டிட்டிரிக்காரு, கேக்குதா?"

எனக்குக் கொஞ்சம் எரிச்சல். முதல் பேட்டி, கேட்பதற்கும் சொல்வதற்கும் ஒரு பொருத்தமும் இல்லை, இதை வைத்துக்கொண்டு ஜீவா அண்ணனிடம் எப்படிப் போவது? கடைசி ஆயுதமாக, குரலை இன்னும் இரண்டு படி கீழே இறக்கி, "உங்கள் கணவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவருக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" என்றேன்.

இந்த முறை நீண்ட அமைதி. விளக்கு நிற்காமல் துள்ளிக்கொண்டே இருந்தது. மரத்தில் ஓர் இலையும் ஆடவில்லை, அதை அப்போதே கவனித்தேன், கவனித்துவிட்டு விட்டுவிட்டேன். உள்ளே விசும்பல் கேட்டது.

"அப்ப நான் என்ன செய்ற?" என்றா பரீதா.

கொஞ்ச நேரம் கழித்து, "சரி. நீங்க சொன்னா இருக்கன்."

அப்புறம் ஆண்குரல் ஒன்று, பெட்சீட்டுக்குப் பின்னாலிருந்து, மரியாதையாக: "போதும் தம்பி. நிப்பாட்டுங்க."

நான் நிறுத்தினேன். உள்ளே யாரோ மாமாவோ சாச்சாவோ துணைக்கு இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன், இருப்பதுதானே முறை. சலாம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நம்பினால் நம்புங்கள், போகிற வழியில் என் மனதில் இருந்த ஒரே பயம் ஜீவா அண்ணனின் வாயைப் பற்றியது.

மறுநாள் காலை, துணிக்கடைக்கு மேலே இருந்த எங்கள் ஸ்டூடியோவில் கசெட்டைப் போட்டோம். ஹெட்போனை ஜீவா அண்ணன் மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் நெற்றியைச் சுருக்கினார்.

"இதார்ரா?"

"ஆரு?"

"கேள்வி கேக்கிற ஆள். உன்ட குரல் இல்லையே. நீ தூரத்தில நிண்டு ஊளையிடுறாய், அது கேக்குது. இது மைக்குக்குப் பக்கத்தில, ஒருத்தர் மெதுவாக் கதைக்கிறார்."

நான் வாங்கி மாட்டினேன். என் 'துயரமான தருணம்' எங்கேயோ அடுத்த தெருவில் ஒலிபெருக்கியில் போவது போலக் கேட்டது. அது முடிந்தவுடன், காதுக்குப் பக்கத்தில், களைத்த ஓர் ஆணின் குரல்: "புள்ளயள் சுகமா இரிக்காங்களா?"

பரீதா: "ஓம். ரெண்டும் காக்காட ஊட்டதான்."

அடுத்து: "எஞ்சின வித்திட்டாங்களா?"

அதற்குப் பரீதாவின் பதில் உங்களுக்குத் தெரியும். கடைசி அமைதியில் அந்தக் குரல் நிறையச் சொன்னது, பெரும்பாலும் எனக்கு விளங்கவில்லை, தண்ணீருக்குள் கதைப்பது மாதிரி இருந்தது. முடிவில், பரீதா "என்ன செய்ற?" என்று கேட்டதற்குச் சொன்னது மட்டும் தெளிவு: "இனிப் பாத்திட்டிருக்க வேணா. இத்தா இரு. காக்காவோட போ."

கசெட் அதோடு பரீதாவின் "நீங்க சொன்னா இருக்கன்" வரை ஓடி நின்றது. "போதும் தம்பி" அதில் இல்லை. திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தோம். அங்கே நான் காதால் கேட்ட ஆண்குரல் கசெட்டில் இல்லை, கசெட்டில் இருக்கிற ஆண்குரலை நான் அங்கே கேட்கவில்லை.

"உள்ள ஆரோ மாமா இருந்திருப்பார்" என்றேன்.

"மாமாதான்" என்றார் ஜீவா அண்ணன். நீளமான வாய் உள்ள மனிதர் ஒன்றும் சொல்லாமல் ஹெட்போன் வயரைச் சுருட்டி வைத்ததுதான் எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

பகல் லுஹருக்குப் பிறகு மருதமுனைக்கு ஓடினேன். பெட்சீட் கழற்றப்பட்டிருந்தது. அறை வெறுமை. நாலு பக்கமும் சுவர், ஜன்னல் இருந்த இடத்தில் தகரம் அடித்திருந்தது, நான் உட்கார்ந்திருந்த அந்த ஒரு வாசலைத் தவிர உள்ளே போக வழியே இல்லை. நசார் காக்கா மிஞ்சிய சட்டி பானைகளை ஏற்றிக்கொண்டு நின்றவர், என்னைக் கண்டதும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து கட்டிப்பிடித்தார்.

"தம்பி! நீங்க போன கையோட, மஃரிபுக்கு முந்தி, தானா வெள்ளப்புடவ கேட்டா. காக்கா, என்னக் கூட்டிட்டுப் போங்க எண்டா. நாங்க எல்லாம் சொல்லிக் கேக்காதவ. அப்பிடி என்னத்தக் கேட்டீங்க?"

"உள்ள வேற ஆரு இருந்த காக்கா?"

"உள்ளயா? அவ மட்டுந்தான். ஏன்?"

ஒன்றுமில்லை என்றேன். அவர் அதோடு விடவில்லை, எங்கள் நிலையத்துக்கு வந்து முகாமையாளரிடமும் சொன்னார்: இந்தப் பொடியன் கேட்கிற விதத்தில் கேட்டான், கல்லாய் இருந்த மனசு கரைந்தது. முகாமையாளர் எனக்கு வாராவாரம் பேட்டி நிகழ்ச்சி தந்தார். அந்தப் பேட்டி ஒலிபரப்பாகவில்லை. கசெட் பழுதென்று ஜீவா அண்ணன் சொன்னார். அதை எங்கே வைத்தாரென்று கடைசி வரை சொல்லவில்லை, இப்போது கேட்க அவரும் இல்லை.

இத்தா முடிந்த பிறகு ஒருநாள் பரீதா, காக்காவோடும் பிள்ளைகளோடும் நிலையத்துக்கு வந்தா. மெலிந்து, ஆனால் கண்ணில் உயிரோடு. சின்னவன் அவவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்குத்தான் அவவின் முகத்தை முதலில் பார்க்கிறேன். நன்றி சொல்ல வந்ததாகச் சொன்னா. என் கேள்விகளைப் பற்றி ஏதாவது சொல்லுவா என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

"நீங்க ஏதாச்சும் கேப்பீங்க எண்டுதான் பாத்திட்டிருந்தன் தம்பி. ஒண்டும் கேக்கல்ல. ஒரு சத்தமும் போடாம இருந்து, எங்க ரெண்டு பேரையும் கதைக்க உட்டீங்க. அத நான் மௌத்தாகுமட்டும் மறக்க மாட்டன்."

நசார் காக்கா என்னைப் பார்த்தார். நான் சின்னவனுக்கு டொபி தேடுகிற சாக்கில் மேசைக்குக் கீழே குனிந்துவிட்டேன்.

இன்றைக்குப் புது அறிவிப்பாளர்கள் என்னிடம் பழக வருகிறார்கள். உங்கள் கேள்வியைவிடக் கேள்விக்குப் பிறகு நீங்கள் காட்டுகிற பொறுமைதான் சேர் பெரிசு என்கிறார்கள். தலையாட்டி வாங்கிக்கொள்கிறேன். அது பொறுமையில்லை. கேட்டுவிட்டு உடனே கீழே பார்க்கிறேன், கைகளைப் பார்க்கிறேன், சப்பாத்தைப் பார்க்கிறேன். இப்போது எல்லாம் கணினி, சிவப்பு விளக்குக்குப் பதிலாகத் திரையில் ஒரு பச்சைக் கோடு. எதிரில் இருப்பவர் பதில் சொல்லத் தொடங்கும் வரைக்கும் அந்தக் கோட்டை மட்டும் நான் பார்ப்பதில்லை. பல வருசத்துக்கு முன் ஒரே ஒரு தடவை மறந்துபோய்ப் பார்த்தேன். ஒலுவிலிலிருந்து வந்த ஒரு தாய், மகனைப் பறிகொடுத்தவ, வாயைத் திறக்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தா. நானும் பேசவில்லை. அறைக்குள் வேறு யாருமில்லை.

கோடு துள்ளியது. அந்தத் தாய் நிமிர்ந்து, "ஓம் மகனே" என்றா.