ஒரு சுவருக்கு ஆறு சிகரெட்

பெயிண்டருக்குக் கைக்கடிகாரம் கிடையாது. முதல் கோட்டு அடித்துவிட்டு, அரை மணிக்கு ஒன்றாக ஆறு சிகரெட். அது முடிந்தால் சுவர் காய்ந்துவிட்டது, இரண்டாம் கோட்டு அடிக்கலாம். முப்பது வருஷமாக இதுதான் கணக்கு, எந்தச் சுவரும் குறை சொன்னதில்லை.

குறை சொன்னது மகள்தான். நாலு மாதப் பேத்தியைத் தூக்கக் கை நீட்டியவரை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "உங்க மேல புகை நாத்தம்பா. ஒரு மாசம் சிகரெட்டைத் தொடாம வாங்க. அப்புறம் நாள் பூரா நீங்களே வெச்சுக்குங்க."

மனுஷர் ரோஷக்காரர். அன்றைக்கே பாக்கெட்டைத் தண்ணீர் வாளியில் முக்கினார். வாய்க்குக் கிராம்பு, கைக்குச் சாவிக்கொத்து என்று ஏற்பாடெல்லாம் பலம். சுவர் காயும் நேரத்தைக் கணக்கிடத்தான் சிகரெட் இல்லை. நாலாம் நாள் இருப்புக்கொள்ளாமல், ஒரு மணி நேரத்திலேயே இரண்டாம் கோட்டை ஆரம்பித்தார். ரோலரோடு முதல் கோட்டும் உரிந்து வந்தது. கூட வேலை செய்கிற நெட்டையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

மறுநாளிலிருந்து சிகரெட் நினைப்பு வரும்போதெல்லாம், அரை மணிக்கு ஒரு தரம், மகளுக்கு ஃபோன். பேத்தி ஏதோ முனகுவாள், இவர் குசலம் விசாரிப்பார். ஆறு ஃபோனில் சுவர் அழகாகக் காய்ந்தது.

பத்தொன்பதாம் நாள், நிறம் சரியில்லை என்று வீட்டுக்காரர் கத்தினார். அந்த எரிச்சலில் நெட்டையனிடம் ஒன்று வாங்கி முழுசாக இழுத்துவிட்டார். அப்புறம்தான் மகள் சொன்னது ஞாபகம் வந்தது. யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று நெட்டையன் சத்தியமே செய்தான். ஆனாலும் அடுத்த ஃபோனில் எல்லாவற்றையும் மகளிடம் கொட்டிவிட்டார்.

"மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணுமாம்மா?"

மகள் கணக்குப் போட்டாள். "முன்னெல்லாம் ஒரு செவுத்துக்கே ஆறு. இப்ப பத்தொன்பது நாளைக்கு ஒண்ணு. எதுக்குப்பா முதல்ல இருந்து? நாளைக்கு இருபதாம் நாள்."

முப்பதாம் நாள் இரண்டு தரம் குளித்துவிட்டுப் போனார். மகள் கிட்டே வந்து மோந்து பார்த்தாள், குழந்தையைக் கையில் கொடுத்தாள். பேத்தி அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துத் தூங்கிப்போனாள். மகள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப இதைச் செஞ்சிருக்கக் கூடாதாப்பா?"

பெயிண்டருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"அப்பவே நீ என்னை வாசல்ல நிறுத்தியிருக்கணும்மா."