எதிர்ப்பக்கத்துச் சக்கரக்காரி

தேயானிரா எங்கள் முனைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அன்றிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். இதை மூடி மறைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

எங்கள் பொகோட்டா நகரத்தில் ஞாயிறு காலை ஏழு முதல் மதியம் இரண்டு மணி வரை பெரிய சாலைகளில் கார் கிடையாது, சைக்கிள்தான். ஏழாம் சாலையில், சரிவு தொடங்கும் இடத்தில், பம்பும் கருவிப் பெட்டியுமாக இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவன் நான், எவெலியோ. பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி, ட்யூப் மாற்றி, திரும்ப மாட்ட எனக்கு நான்கு நிமிடம் போதும். சாலையின் எதிர்ப்பக்கத்தில் அதே வேலைக்கு உட்கார்ந்திருக்கும் அவளுக்குப் பத்து. ஆனால் வரிசை நிற்பது அவளிடம்தான்.

கிப்தோ என்ற ஊரிலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவள். பதினோரு வருடம் ஒரு பேக்கரிக்காக சைக்கிளில் ரொட்டி கொண்டுபோய்ப் போட்டாள். ஒரு நாள் சரிவில் முன்சக்கரம் தனியாகக் கழன்று ஓடிவிட்டது. யாரோ அவசரத்தில் மாட்டிய சக்கரம். மூன்று பல் போயிற்று, தாடை பிளந்தது, இரண்டு மாதம் வெறும் சூப். எழுந்து நடமாடியதும் அதே சைக்கிளைச் சமையலறையில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு செய்ய வரும்வரை கழற்றிக் கழற்றி மாட்டினாளாம். இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வாள், ஊரே கேட்கும். சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு விபத்துகூட இல்லையே என்று அதற்கும் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

அவள் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்க்கமாட்டாள். பின்சக்கரம் என்றால் முதலில் செயினைச் சின்னப் பல்சக்கரத்துக்கு இறக்குவாள். பிரேக்கின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடிக்கும் கொக்கியை விடுவித்து, அச்சை இறுக்கும் லிவரைத் திறந்து, சக்கரத்தை எடுப்பாள். திரும்ப மாட்டும்போது அச்சு இரண்டு பக்கமும் சட்டத்தின் காடிக்குள் கடைசிவரை உட்கார்ந்ததா என்று குனிந்து பார்ப்பாள். அதன்பிறகுதான் கூத்து. லிவரை வண்டிக்காரரே மூட வேண்டும்.

"பஞ்சைத் தொடுற மாதிரி தொட்டா ஆகாது ராசா. அமுக்குங்க. எங்க, கையக் காட்டுங்க."

உள்ளங்கையில் லிவரின் தடம் பதிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி திறந்து, அதன் எதிர்முனை மறையை இன்னும் முறுக்கி, மறுபடி மூடவைப்பாள். வங்கி மேனேஜர், வக்கீலம்மா, எல்லாரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள்.

"என்ன, அங்க ஜோசியமா நடக்குது?" என்று இங்கிருந்து கத்துவேன்.

"ஆமா பக்கத்துக்காரரே! யாருக்கு இன்னிக்குப் பல்லு தப்பும்னு பாத்துச் சொல்றேன்!"

வரிசை சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் ஒரு ஞாயிறு, இரண்டு மணிக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அரிஸ்திதெஸ் வாத்தியார் முன்சக்கரம் பஞ்சராகி வந்தார். பதினைந்து வருடம் என்னிடமே வந்து, பிறகு அவள் பக்கம் தாவிய மனிதர். அங்கே ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"எவெலியோ, கார் விடறதுக்குள்ள முடிச்சிடுவியா?"

"உங்களுக்கு இல்லாததா, வாத்தியாரே!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. கழற்றினேன், ட்யூப் மாற்றினேன், மாட்டினேன், லிவரை நானே மூடினேன். அத்தனை நேரமும் என் கண் எதிர்ப்பக்கம்தான் இருந்தது. அவள் பார்க்கிறாளா? முகம் சுருங்குகிறதா? மூன்றரை நிமிடத்தில் வேலை முடிந்தது. வாத்தியார் ஏறிச் சரிவை நோக்கி மிதித்தார்.

"வாத்தியாரே, என்னைக் கைகழுவிட்டீங்களே!" என்று அவள் வழி மறித்தாள். "கையையாவது காட்டிட்டுப் போங்க."

"இன்னிக்கு எவெலியோவே மூடிட்டான்மா," என்று சிரித்துக்கொண்டே கையை விரித்தார்.

அவளும் சிரித்துக்கொண்டேதான் குனிந்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. முன்பிரேக்கின் இரண்டு கையும் விரிந்து கிடந்தன, கொக்கி தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டவே இல்லை நான். கீழே சரிவு, எழுபது வயது மனிதர். அழுத்தினாலும் பிரேக் பிடித்திருக்காது.

அவள் கொக்கியை மாட்டி, பிரேக்கை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல வாத்தியாரே, கொக்கி நழுவிருக்கு. ரோடு குலுக்குனா நழுவும். அவர் நல்லாத்தான் மாட்டிருக்காரு."

முப்பதடி தூரம் ஓட்டியதில் எந்தக் கொக்கியும் நழுவாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் இருபத்திரண்டு வருடப் பெயரை அவள் காப்பாற்றிக் கொடுத்தாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. கைத்திறமை அவளுக்கு, கூட்டம் அவளுக்கு, இப்போது பெருந்தன்மையும் அவளுக்கேவா? சாலையைக் கடந்து போனேன்.

"நழுவல வாத்தியாரே. நான்தான் மாட்டாம விட்டுட்டேன். உங்க சக்கரத்தப் பாக்காம இவ மூஞ்சியப் பாத்துக்கிட்டிருந்தேன்."

தேயானிரா தரையைப் பார்த்தாள். வாத்தியார் சரிவைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், முகம் வெளுத்தது. உண்மையை ஒத்துக்கொண்டதற்காவது எனக்கு ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று நின்றேன்.

"ரொம்ப நன்றிம்மா," என்றார் அவளிடம்.