ஜிகினா முத்தாயி

மலேசியாவில் ரெம்பாவுக்குப் பக்கத்தில் உள்ள அந்தச் செம்பனைத் தோட்டத்தில் ஜிகினா என்றால் முதலில், தேரில் சுற்றும் பளபளப்புத் தாள். அடுத்தது, பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் தொங்கும் மினுமினுப்புச் சேலை. ஒருவர் அளவுக்கு மீறிப் புகழ்ந்து பேசினால் அதுவும் ஜிகினாதான். கடைசியாக, முத்தாயி.

ஐம்பத்திரண்டு வயது முத்தாயி மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் செம்பனைப் பழங்களைப் பொறுக்குகிறவள். காலில் சேற்று பூட்ஸ், கையில் கோணி, உடம்பில் முழுக்கைச் சட்டை. அந்தச் சட்டையின் கழுத்தோரத்தில் அவளே தைத்த சம்கி. அழகு என்று சொல்ல முடியாது, கண்ணை உறுத்தும்.

"இந்தக் காட்டுல யாரு பாக்கப் போறா?" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒருமுறை கேட்டார்.

"நான் பாக்குறேன்ல!"

அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள். அதைக் கேலி என்று அவள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

மாரியம்மன் திருவிழாவின் இரண்டாம் நாள் உபயம் பழம் பொறுக்கும் பெண்களுடையது. உபயக்காரர்கள் தரும் சேலையை உடுத்தித்தான் அன்று அம்மன் தேரில் வரும். சேலை எடுக்கும் முறை பன்னிரண்டு வருஷம் கழித்து இந்த ஆண்டு முத்தாயிக்கு வந்தது. சிவப்பில் ஜிகினாச் சேலை ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தாள்.

கோயில் தலைவர் கணேசமூர்த்தி அதைப் பிரித்துப் பார்த்தார்.

"என்னக்கா இது? நம்ம தொகுதி ஒய்.பி. வர்றாரு, போட்டோ எடுப்பாங்க. நான் பட்டு வாங்கி வெச்சிட்டேன். உங்க பேருலயே சாத்திரலாம்லா."

"நீ வாங்குனது எப்படி என் பேருல? உபயம் யாருது தம்பி?"

"அம்மனுக்கு ஜிகினா மரியாதை இல்லக்கா."

பட்டும் மினுங்குவதற்காகத்தான் நெய்யப்படுகிறது. மரியாதை எந்த விலையில் தொடங்குகிறது என்று யாரும் சொன்னதில்லை.

முத்தாயி சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தேர் தயாராக நின்றது. அதன் நான்கு தூண்களுக்கும் பழம் பொறுக்கும் பெண்கள்தான் நான்கு நாளாக ஜிகினா சுற்றியிருந்தார்கள். முன்தூணில் முனையைத் தேடி எடுத்து, அவள் அவிழ்க்கத் தொடங்கினாள்.

"அக்கா! என்ன செய்றீங்க?"

"மரியாதை இல்லேன்னியே. அம்மன் உக்கார்ற தேருக்கு மட்டும் எதுக்கு?"

"அடுத்த தூணு எனக்கு!" என்று கூடப் பழம் பொறுக்கும் தாயம்மா முந்தானையைச் செருகினாள். "மேல தோரணமும் ஜிகினாதான், ஏணியக் கொண்டாங்கடி!" பெண்கள் சிரித்தார்கள்.

முன்தூண் வெறுமையானது. விரிசல் விட்ட கட்டை, துருப்பிடித்த ஆணிகள், மூன்று நிறத்தில் பழைய பெயிண்ட். கணேசமூர்த்தி தூணைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரும்பச் சுற்ற இவர்களை விட்டால் ஆள் இல்லை.

"சரிக்கா. உங்க சேலையவே சாத்தலாம். இதச் சுத்திருங்க."

"முதல்ல சேலை."

பூசாரி சசிதரன் சேலையை உள்ளே கொண்டு போனார். திரை விலகியபோது ஒவ்வொரு விளக்கும் அம்மன் மேல் நூறாகத் தெரிந்தது. முத்தாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இப்பச் சுத்தலாம்லக்கா?"

"இந்தத் தூணு இப்படியே போவட்டும்."

"ஒய்.பி. கேப்பாரு!"

"கேட்டா என்னையக் காட்டு."

மாலையில் தேர் மூன்று தூண் மின்ன, ஒரு தூண் கட்டையாகப் புறப்பட்டது. அவிழ்த்த ஜிகினாவைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, முத்தாயி அந்தத் தூணை ஒட்டியே நடந்தாள்.