வெங்காயப் பூவும் தையல்கடைக்காரர் மகளும்

இரண்டு மலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்த அந்தச் சின்ன ஊருக்கு வெயில் தாமதமாக வேலைக்கு வந்து, சீக்கிரமே கடையைக் கட்டிவிடும். கிடைத்த வெயிலில் ஊரே வெங்காயம் போட்டது. அங்கே மனிதர்கள் இரண்டே வகை: தோட்டம் வைத்திருப்பவர்கள், தையல்காரர். பள்ளிக்கூடத்து வாத்தியார் வெளியூர்க்காரர் என்பதால் கணக்கில் சேரமாட்டார்.

தையல்காரரின் மகள் தான் இரண்டாம் வகையில் பிறந்துவிட்டதைத் தனக்கு இழைக்கப்பட்ட பெரும் அநீதியாகவே கருதினாள். முன்னறையில் தையல் மிஷின், பின்னறையில் குடித்தனம். உட்கார்ந்த இடத்தில் நூல், சாப்பிடும் தட்டில் நூல், சமயத்தில் வாயிலும் நூல். கூடப் படிக்கும் பிள்ளைகளோ நகக்கண்ணில் மண்ணும் உள்ளங்கையில் வெங்காய வாசமுமாக ராஜகுமாரர்கள் மாதிரி வகுப்புக்குள் நுழைவார்கள். இவள் தினமும் காலையில் அடுப்படியில் ஒரு வெங்காயத்தை நறுக்கிக் கையில் தேய்த்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

"சமைக்கவே ஆரம்பிக்கல, அதுக்குள்ள வெங்காயம் எங்கதான் போகுது?" என்று அம்மா எலியைத் திட்டுவாள். எலி தலையைக் குனிந்துகொண்டு புத்தகப் பையை மாட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அவமானம் தோட்ட லீவு. வேலை நெருக்கடியான நாட்களில், தோட்டம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டுவிடும். வாத்தியார் கேட்பார், வகுப்பு முழுவதும் கை தூக்கும், ஊர்வலமாக வெளியே போகும். மிச்சம் ஒரே ஒருத்தி. ஒருத்தி இருந்தாலும் வகுப்பு நடத்தியாக வேண்டும் என்பது சட்டம். ஆகவே வாத்தியாரும் மிச்சம்.

"உங்க வீட்ல ஒரு பூந்தொட்டிகூடவா இல்ல?" என்று வாத்தியார் ஏக்கத்தோடு கேட்டார்.

"இல்ல சார்."

"தொட்டி வைக்க இடமாவது இருக்கா?"

"அங்க அயர்ன் பெட்டி இருக்கு சார்."

வாத்தியார் ஜன்னல் வழியாகத் தன் ஊர்ப் பக்கம் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு சட்டத்தைக் கொஞ்சம் நெகிழ்த்திக் கொடுத்தார். யாராவது ஒரு தோட்டக்காரர் வந்து, "இந்தப் பிள்ளை என் தோட்டத்துல வேலை செய்யுது" என்று வாயால் சொன்னால் போதும், லீவு உண்டு. இருவருக்கும்.

கூடப் படிக்கும் குருவி என்ற பெண்ணின் காலைப் பிடித்து, குருவி தன் அப்பாவின் காலைப் பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அனுமதி கிடைத்தது. "ஒரு நாள் வரட்டும். வேலை செய்யுதான்னு பாத்துட்டு வாத்தியார்கிட்ட சொல்றேன்" என்றார் குருவியின் அப்பா. ஒரே நாள். அதற்குள் தான் தோட்டத்துப் பிள்ளைதான் என்று நிரூபித்தாக வேண்டும்.

அவள் சும்மா போகவில்லை. துணியைத் தவிர வேறெதுவும் படக்கூடாது என்று அப்பா கண்ணைப்போல வைத்திருந்த பெரிய கத்திரிக்கோலைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு போனாள்.

குருவி வேலை சொல்லிக் கொடுத்தாள். "நடுவுல பூத்தண்டு நீட்டிக்கிட்டு இருந்தா ஒடிச்சுப் போட்டுடு. விட்டா சத்தெல்லாம் பூவுக்குப் போயிடும், வெங்காயம் பருக்காது."

குருவி கையால் ஒடித்தாள், நுனி பிய்ந்து தொங்கியது. தையல்கடையில் வளர்ந்த பிள்ளைக்குப் பிசிறு ஆகாது. இவள் கத்திரிக்கோலை எடுத்துச் சதுரமாக வெட்டினாள். குருவியின் அப்பா தூரத்திலிருந்து பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் போதாதா? இவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுக் கொட்டகை நிழலில் கண் அயர்ந்தார்கள். இவளுக்கு எங்கே தூக்கம் வரும்? வரப்பு ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் திடுக்கிட்டாள். ஒரு பாத்தி விடாமல் பூ! ஒவ்வொரு செடியிலும் பந்து பந்தாக வெள்ளைப் பூ, மேலே தேனீக் கூட்டம் வேறு. ஐயோ பாவம், இந்த மனுஷருக்கு இருக்கிற வேலையில் ஒரு பக்கத்தையே மறந்துவிட்டார் என்று அவள் மனம் இளகியது. கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

குருவியின் அப்பா கண் விழித்து வந்தபோது, தண்டுகளை ஒரே அளவாகக் கட்டுக்கட்டி வரப்பில் அடுக்கியிருந்தாள்.

"என்ன பாப்பா இது?"

"பூ, மாமா."

"அது தெரியுது. ஏன் கீழ கிடக்குது?"

"இந்தப் பக்கத்தை நீங்க மறந்தே போயிட்டீங்க மாமா. நான் முடிச்சுட்டேன். ரெண்டு வரிசைதான் பாக்கி."

அவர் வரப்பில் உட்கார்ந்தார். பின்னால் ஓடி வந்த குருவிதான் வாயைத் திறந்தாள். "அடிப்பாவி! அது விதைக்கு விட்டதுடீ! பூ காஞ்சாத்தான் விதை. அடுத்த வருஷம் எதை விதைக்கிறது, உன் தலையையா?"

குருவியின் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த ரெண்டு வரிசையை ஏன் பாப்பா விட்டே?"

"கை வலிச்சுது மாமா."

"அந்தக் கை நல்லா இருக்கணும்" என்றார் அவர்.

அன்று மாலை தையல்காரர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அந்த வாரம் வெட்டித் தைத்த சட்டைகளெல்லாம் வெங்காயம் நாறின. அந்த ஊரில் அதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் குருவியின் அப்பா சொன்னபடியே பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அவர் தலை வாசலில் தெரிந்ததுமே வாத்தியார் குடையைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இந்தப் பிள்ளை உங்க தோட்டத்துல வேலை செய்யுதுதானே?"

"செஞ்சிருச்சு சார். அதான் வந்தேன். லீவு மட்டும் குடுத்துடாதீங்க. ஊருக்காகக் கேக்குறேன். லீவு முடியிற வரைக்கும் கதவைச் சாத்திப் பாடம் நடத்துங்க."

வாத்தியார் குடையை மூலையில் சாத்தினார். பிறகு நடத்தினார் பாருங்கள், பாடம்! ஆத்திரம் தீர அந்த வருஷத்துப் பாடத்தை முடித்தார். அது போதாமல் அடுத்த வருஷத்துப் பாடத்தையும் தொட்டார். ஒற்றை மாணவியாகத் தூங்கவும் வழியில்லை, பக்கத்தில் பார்த்து எழுதவும் வழியில்லை. அவள் படித்துத் தொலைத்தாள். அடுத்தடுத்த தோட்ட லீவுகளிலும் ஊர் இதே ஏற்பாட்டை ஒருமனதாகத் தொடர்ந்தது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே அதிகம் படித்தவளாக அவள் ஆனது இப்படித்தான். தன் அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இன்றும் அவளே அடித்துச் சொல்கிறாள்.

மேல்படிப்புக்கு என்ன எடுத்தாள்? விவசாயம்தான். முன்வாசலில் விடமாட்டார்கள் என்றால் அரசாங்கத்தின் பின்வாசல் வழியாகவாவது தோட்டத்துக்குள் போய்விட வேண்டும் என்ற வைராக்கியம். படித்து, பரீட்சை எழுதி, விவசாய அதிகாரியாக அதே ஊருக்கே வந்து சேர்ந்தாள். அலுவலகக் கதவில் பெயர்ப்பலகை, ஜீப், டிரைவர், எல்லாம் உண்டு.

வந்த முதல் மாதமே வெங்காயத் தாளில் ஏதோ நோய் என்று குருவியின் தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. இப்போது தோட்டம் குருவியுடையது. அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றி, புடவையை லேசாகத் தூக்கிப் பிடித்து, பாத்திக்குள் காலை வைக்கப் போனாள்.

குருவி குறுக்கே கையை நீட்டினாள். "மேடம், அங்கேயே நில்லுங்க."

"நோயைப் பாக்க வேண்டாமாடீ?"

"பாருங்க. வரப்புல நின்னே பாருங்க."

"நான் கவர்மென்ட் அதிகாரி."

"அதனாலதான் மேடம்னு கூப்பிடுறேன்."

டிரைவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் குலுங்கியது.

"இலையைப் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் என்ன நோய்னு சொல்ல முடியும்" என்றாள் அதிகாரி, குரலில் இருந்த மேடத்தையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு.

குருவி கொஞ்சம் யோசித்தாள். தானே பாத்திக்குள் இறங்கினாள். நோய் கண்ட ஒரு தாளைக் கிள்ளி எடுத்துக்கொண்டு வரப்புக்கு வந்தாள்.

"இந்தா, கையை நீட்டு" என்றாள்.