யாரும் அழுத்தாத பொத்தான்

மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் கணக்கெடுத்தே நான் ஓய்வு பெற்றேன். வேலை போயிற்று, எண்ணும் பழக்கம் போகவில்லை. என் மகன் கட்டுமாவடியில் தன் லாரிகளில் இறால் ஏற்றும் நாட்களில் பெட்டிகளை எண்ண என்னைத்தான் கொண்டுபோய் நிறுத்துவான். எனக்குக் கூலி தர வேண்டாம் அல்லவா?

அன்றைக்கு நூற்று நாற்பத்திரண்டு பெட்டிகள். பாதி முந்தின நாள் மாலையே ஏறிவிட்டன. மீதிக்குரிய படகுகள் விடிந்த பிறகுதான் கரைக்கு வந்தன. ஏறிய சரக்கு கெடாமலிருக்கக் குளிர்பெட்டி ஓட வேண்டும். அந்த லாரியில் இன்ஜின் ஓடினால்தான் குளிர்பெட்டி ஓடும். ஆகவே வண்டி நின்ற இடத்திலேயே இரவு முழுவதும் உறுமிக்கொண்டிருந்தது. டிரைவர் உள்ளே காலை நீட்டித் தூங்கினார். அவர் குறட்டை இன்ஜினையும் மீறிக் கேட்டது. இதற்கு நான் சாட்சி.

காலையில் வண்டி கோயம்புத்தூருக்குக் கிளம்பியது. போகிற வழியில் விராலிமலையில் மகள் வீட்டில் என்னை இறக்கிவிடுவதாக ஏற்பாடு. கொடும்பாளூர் பக்கம் போனபோது சாலையோரத்தில் ஜீப் நின்றது. எங்களுக்கு முன்னால் ஆறு லாரிகளை ஓரங்கட்டி வைத்திருந்தார்கள். நான்கு ஜல்லி, ஒன்று வைக்கோல், ஒன்று காலி.

போக்குவரத்து ஆய்வாளரை எங்கள் பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். அவர் ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் பார்த்துவிட்டு, "லாக் இருக்கா? காட்டு" என்றார். இறால் வாங்கும் கம்பெனி எங்கள் வண்டியில் ஒரு கருவியை மாட்டியிருக்கிறது. வண்டி எங்கே போனது, எத்தனை மணி நேரம் ஓட்டினார்கள் என்பதெல்லாம் அதிலிருந்து டிரைவரின் போனில் வந்து விழும். இன்ஜின் ஓடுகிற நேரமெல்லாம் அதன் கணக்கில் ஓட்டுகிற நேரம்தான். அந்தப் பதிவைத்தான் லாக் என்று கேட்டார்.

டிரைவர் போனின் பூட்டைத் திறந்து, உண்டியலில் காணிக்கை போடுவதுபோல இரண்டு கையாலும் அதையே கொடுத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காட்டுன்னுதானே சொன்னாரு? ஏன் கையில குடுத்தீங்க?"

"கேட்டா குடுத்துரணும்ங்கய்யா. இல்லாட்டி இன்னும் ரெண்டு கேப்பாக."

அந்தப் போனில் அவருடைய வங்கிக் கணக்கு இருக்கிறது, மனைவி அனுப்பிய செய்தி இருக்கிறது, சொந்த ஊர் ஆவூரில் வீட்டு வாசலில் பிள்ளைகளோடு எடுத்த படம் இருக்கிறது. எல்லாம் இப்போது முன்பின் தெரியாத ஒருவர் கட்டைவிரலுக்கு அடியில். கேட்பாரில்லை.

"என்னப்பா, பதினாலு மணி நேரமா எறங்கவே இல்லையா? நீ மனுசனா, முனியா?"

"நின்ன வண்டிங்க சார். நான் தூங்கிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"தூங்குனா 'ஓய்வு'ன்னு ஒரு பட்டன் இருக்குல்ல, அத அமுக்கணும். இந்த மாசம் பூரா ஒரு தடவகூட அமுக்கல. லைசென்ஸ சஸ்பெண்ட் பண்ண எழுதுறேன்."

டிரைவரின் முகம் செத்துப்போனது. அந்த ஒரு அட்டைதான் அவர் குடும்பத்துக்கு நிலம் நீச்சு எல்லாம். நான் கீழே இறங்கினேன்.

"சார், ஆளில்லாத வீட்லயும் ஃபிரிட்ஜ் ஓடுனா மீட்டர் சுத்தும். அதுக்காக உள்ள ஆள் இருந்துச்சுன்னு எழுத முடியுமா? மேப்பத் தொறந்து பாருங்க. புள்ளி கட்டுமாவடியவிட்டு நகந்துருக்கா?"

"பெரியவரே, நீங்க யாரு? கிளீனரா?"

பின்னால் நின்ற கான்ஸ்டபிள் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆய்வாளர் என்ன நினைத்தாரோ, மேப்பைத் திறந்தார். புள்ளி நின்ற இடத்தில்தான் நின்றது.

"சரி, வண்டி நின்னுருக்கு. இவரு தூங்குனாருன்னு எத வச்சு எழுதுறது? பட்டன ஏன் அமுக்கல?"

டிரைவர் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். எனக்கு விளங்கவில்லை. சற்றுத் தள்ளிப் போய் மகனைப் போனில் கூப்பிட்டேன்.

"அப்பா, நீங்க பேசாம வண்டில ஏறி ஒக்காருங்க. மறந்துட்டேன்னு அவரையே சொல்லச் சொல்லுங்க. ஓய்வுன்னு அமுக்குனா வண்டி நின்னுருச்சுன்னு கம்பெனிக்கும் போகும், எனக்கும் வரும். ஒடனே அவுக சரக்கு லேட்டாகுதுன்னு என்னையக் காய்ச்சி எடுப்பாக. அதான் யாரும் அமுக்கக் கூடாதுன்னு சொல்லிவச்சுருக்கேன். எல்லா டிரைவருக்கும்தான்."

நான் பெற்ற பிள்ளை. இன்ஜினியரிங் படிக்கவைத்த பிள்ளை. தான் திட்டு வாங்காமலிருக்க, தூங்குகிற மனிதனை விழித்திருப்பதாக மாதக்கணக்கில் எழுதவைத்திருக்கிறான். மீட்டரில் பொய் எண் எழுதச் சொல்லி எத்தனையோ பேர் என்னிடம் கெஞ்சியிருக்கிறார்கள். ஒருத்தருக்கும் எழுதியதில்லை. அந்த வீட்டிலேயே இது.

திரும்பிப் போய் ஆய்வாளரிடம், "ஓனர் என் மகன். அமுக்கக் கூடாதுன்னு சொன்னது அவந்தான். எழுதுறதுன்னா அவம் பேர்ல எழுதுங்க" என்றேன்.

டிரைவர் என் கையைப் பிடித்தார். "வேணாம்ங்கய்யா. அண்ணே என்னைய வேலையவிட்டு நிறுத்திருவாக."

"லைசென்ஸ் இருந்தா வேற வண்டி ஓட்டலாம். அது போனா எந்த வண்டிய ஓட்டுவீங்க?" என்று அவர் மேலேயே எரிந்து விழுந்தேன். அந்த மனிதர் என்ன பாவம் செய்தார்?

ஆய்வாளர் ஓனர் பெயரையும் விலாசத்தையும் என்னிடமே கேட்டுக்கொண்டார். பிறகு டிரைவருக்கு ஓர் எச்சரிக்கை, ஓனருக்கு ஒரு நோட்டீஸ் என்று எழுதினார். லாக்கை அலுவலக மெயிலுக்கு அனுப்பச் சொன்னார். டிரைவருக்கு அனுப்பத் தெரியவில்லை. போனை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என் மகன் மேல் வரப்போகிற வழக்குக்கான அத்தாட்சியை நானே அனுப்பினேன். திரையைக் குத்திக் குத்தி அழுத்தினேன். கோபத்தில்தான்.

விராலிமலை வந்ததும் சாப்பாட்டுக் கடை முன்னால் வண்டியை நிறுத்தவைத்தேன்.

"சாப்பிட்டுச் செத்த நேரம் படுங்க. இன்ஜின் ஓடட்டும், எறாலு கெடாது. அந்தப் பட்டன அமுக்குங்க."

"அமுக்கவாங்கய்யா?"

"அமுக்குங்கன்னா!"

அமுக்கினார். இலையில் சோறு விழுவதற்குள் போன் அடித்தது. திரையில் என் மகன் பெயர். டிரைவர் மறுபடியும் இரண்டு கையாலும் போனை என்னிடம் நீட்டினார். இந்தத் தடவை நான் அவரைத் திட்டவில்லை.

"சொல்லுடா" என்றேன்.