ஆளில்லாமல் கரை சேர்ந்த படகு

என் மாமனார் வெங் மாவ்சென் வாழ்நாள் முழுக்கப் படகு கட்டியவர். ஆனால் மிதக்கிற படகில் கால் வைத்தால் அவருக்குக் குமட்டும். கரையில் நிறுத்தியிருக்கும் படகின் விலாவில் வாச்சியும் உளியுமாகப் பகல் முழுக்கத் தொங்குவார். அதே படகைத் தண்ணீரில் தள்ளியதும் விலகிப் போய் நின்றுகொள்வார். மருந்து வாங்கப் பக்கத்துத் தீவுக்குப் போவதென்றாலும் இஞ்சித் துண்டை மூக்கில் வைத்தபடிதான் பயணப் படகில் உட்காருவார். மீனவர்கள் கேலி செய்யாமல் விடமாட்டார்கள்.

"என்ன ஓடாவி, நீ கட்டின படகு மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

"படகு மேல இருக்குடா. கடல் மேலதான் இல்ல."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசுவதே அபூர்வம். போன குளிர்காலத்தில் அவர் இறந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் அவர் சொன்னது என்று எதையும் நினைவுகூரவில்லை. உளியின் தலையில் விழும் அவருடைய கொட்டாப்புளிச் சத்தத்தைத்தான் சொன்னார்கள். பின்கட்டிலிருந்து அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் சில சமயம் கேட்கிறது. அங்கே அடுக்கியிருக்கும் பலகைகள் காய்ந்து விரிசல் விடுகிற சத்தமாக இருக்கலாம்.

நான் இந்தத் தீவில் பிறந்தவள் இல்லை. பள்ளி ஆசிரியையாகப் பெருநிலத்திலிருந்து கப்பலேறி வந்தவள். குளிர்காலத்தில் ஷாங்காய் சந்தைக்கு வாளைமீன் அனுப்பும் ஊர் என்பது மட்டும்தான் வரும்போது எனக்குத் தெரியும். மாவ்சென்னின் ஒரே மகன் ஜிங்ஹாயை மணந்து இங்கேயே தங்கிவிட்டேன்.

எங்கள் திருமணத்துக்கு முன்பே, கூட்டுப்பண்ணைப் படகுகளைக் கலைத்துக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்த காலத்தில், மாமா தன் மகனுக்கென்று தனியாக ஒரு படகு கட்டினார். சின்னப் படகு. ஒருவரோ இருவரோ போய்வரலாம். ஒரு பாய்மரம், ஒரு டீசல் எஞ்சின். முன்முனையான அணியத்தின் இருபுறமும் வரைந்த இரண்டு கண்கள். சரக்குப் படகின் கண் நேரே பார்க்கும். மீன்பிடி படகின் கண் குனிந்து தண்ணீரைப் பார்க்கும். அந்தப் படகின் கண்கள் எதையோ தவறவிட்டுத் தேடுகிற மாதிரி குனிந்திருக்கும். எனக்கு முதலிலிருந்தே அவற்றை நேராகப் பார்க்கப் பிடிக்காது.

திருமணமான மூன்றாம் குளிர்காலத்தில், வாளைமீன் பருவம் உச்சத்தில் இருந்தபோது, கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல் என்று ஜிங்ஹாய் தனியாகக் கடலுக்குப் போனான். மறுநாள் மதியம் படகு திரும்பி வந்தது. முதலில் பார்த்தவர் ஷாவ் என்ற தண்டல். பெரிய படகு ஓட்டுபவர், ஜிங்ஹாயோடு சின்ன வயதிலிருந்து பழகியவர். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது என்றார். சுக்கான் பிசகாமல் எங்கள் குடாவை நோக்கி நேராக வந்தது என்றார். அவர் கையை ஆட்டியிருக்கிறார். பதிலுக்கு யாரும் கை ஆட்டாததால் கோபித்துக்கொண்டு இரண்டு வசவும் விட்டிருக்கிறார். பக்கத்தில் வந்தபோதுதான் உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தது. படகு குடா வாயிலில் இருக்கும் பாறையில் மோதி நின்றது. சோற்றுப்பானை கட்டிய இடத்திலேயே இருந்தது. ஜிங்ஹாயின் ரப்பர் பூட்ஸ் இரண்டும், கழற்றி வைத்தது போல, ஜோடியாக நின்றன.

ஆள் கிடைக்கவில்லை.

கடலில் போய் உடல் கிடைக்காதவர்களை எங்கள் தீவில் ஏற்றநீரில் கூப்பிட்டு அழைத்து வருவார்கள். வைக்கோலில் ஆள் செய்து, போனவரின் சட்டையைப் போட்டு, உள்ளே அவர் உடம்பிலிருந்து வந்த ஏதாவது ஒன்றை வைப்பார்கள். நீர் ஏறுகிற நேரத்தில் வீட்டுப் பெண் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். வீட்டு ஆண் ஒருவன் போனவரின் சார்பில் "வந்துட்டேன்" என்பான். பிறகு அந்த வைக்கோல் ஆளைக் குன்றில் கொண்டுபோய்ப் புதைப்பார்கள். ஆண்டு திரும்புவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். அதற்குப் பிறகு கடலில் இருப்பவனுக்குத் தன் பெயர் மறந்துவிடும். எத்தனை கூப்பிட்டாலும் அது யாரோ என்று இருந்துவிடுவான்.

என் மாமியார் அய்ஜூ கேட்டது அது ஒன்றைத்தான்.

"பருவம் திரும்பறதுக்குள்ள பிள்ளையக் கூப்பிட்டுறணும்யா."

"படகு முடியட்டும்" என்பார் மாமா.

ஆளில்லாமல் வந்த படகை யாரும் தொடமாட்டார்கள். மாமா அதைக் கரையில் ஏற்றி, அணியத்தின் கண்களைச் சிவப்புத் துணியால் மூடி, வேலையை ஆரம்பித்தார். துணைக்கு வந்தவர் ஹூ மட்டும்தான். கலப்பத்துக்காரர், அதாவது பலகை இடுக்குகளில் சணல் நாரைத் திணித்து, சுண்ணாம்பும் துங் எண்ணெயும் சேர்த்து இடித்த பசையால் அடைக்கிறவர். ஆயுள் முழுக்க உளியின் தலையில் அடித்து அடித்துக் காது பாதி போய்விட்டது. அதனால் ஊர் பேசியது எதுவும் அவரைத் தடுக்கவில்லை.

உடைந்தது அணியத்தில் மூன்று பலகைகள்தான். அவற்றை மாற்ற ஒரு மாதம் போதும். மாமா மூன்றையும் மாற்றினார்; நெருப்பில் காட்டி, ஈரச் சாக்கால் ஒற்றி, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துப் பொருத்தினார். பிறகு உடையாத பலகைகளுக்குப் போனார். நல்லபடியாக இருந்த இடுக்குகளை ஒவ்வொன்றாகக் கீறி நாரை வெளியே இழுத்தார். முகர்ந்து பார்ப்பார். விரலில் தேய்த்துப் பார்ப்பார். மறுபடி புது நார் அடைக்கச் சொல்வார். வசந்தம் போயிற்று, கோடை போயிற்று.

"ஏய்யா மாவ்சென்," என்று ஹூ கத்துவார். அவருக்குப் பேச்சே கத்தல்தான். "நல்லாருக்கிற நாரைப் பிடுங்கிட்டு அதே இடத்துல நாரை அடைக்கச் சொல்ற. என் பொண்டாட்டிதான் ஸ்வெட்டரை இப்படிப் பிரிச்சுப் பிரிச்சுப் பின்னுவா. என்னதான்யா தேடுற?"

மாமா அடுத்த இடுக்குக்குப் போய்விடுவார்.

தன் வேலையில் ஏதோ பிசகு நடந்து அதனால்தான் மகன் போனான் என்று நினைக்கிறார், அந்தப் பிசகைத்தான் தேடுகிறார் என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன். மாலையில் பள்ளிவிட்டு வரும்போது பார்ப்பேன். நீர் வடிந்து மணல் இறுகும் நேரத்தில் படகு முட்டுக்கட்டைகளின் மேல் அமர்ந்து மெல்ல முனகும். யாரோ உள்ளே புரண்டு படுப்பது போல இருக்கும். மாமா பலகையில் காதை வைத்து நிற்பார். நான் வந்ததைப் பார்த்தால் கையை மட்டும் அசைப்பார், பேசாதே என்று.

இலையுதிர்காலம் வந்ததும் அத்தை அவரைக் கேட்பதை விட்டுவிட்டாள். தானாகவே வைக்கோல் வாங்கி வந்து ஆள் கட்டினாள். ஜிங்ஹாயின் நீலச் சட்டையைத் தோள் பிடித்துத் தைத்தாள். பிறகு வீட்டைத் தலைகீழாகப் புரட்டினாள். பிள்ளைக்கு முதல் மாதம் முடி எடுத்தபோது அதை உருட்டி, சிவப்பு நூலால் கட்டி, கட்டில் காலில் தொங்கவிட்டிருந்தாளாம். அதைத்தான் தேடினாள்.

"எலிதான் கொண்டுபோயிருக்கும். நாசமாப் போற எலி! இத்தனை வருஷம் இங்கதான தொங்குச்சு? அவன் உடம்புன்னு சொல்ல வேற என்னம்மா இருக்கு நம்மகிட்ட?"

மாமா மேசையில் உட்கார்ந்து கருவாட்டு விலாங்கும் கஞ்சியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்தார்.

"எலி இல்ல" என்றார். "படகுல இருக்கு."

படகு கட்டி முடிக்கிற சமயத்தில் அதற்கு உயிர் வைப்பார்கள். பாய்மரத்தின் அடிக்கட்டையில் ஓடாவி ஒரு குழி வெட்டி, செப்புக் காசுகளோடு அந்த வீட்டுப் பெண்ணின் முடியைச் சிவப்புத் துணியில் சுற்றி வைத்து, கற்பூர மரத்தால் மூடி அடைத்துவிடுவார். அப்போது வேறு யாரும் பக்கத்தில் இருக்கக்கூடாது. பிறகு அந்தக் குழியைத் திறப்பது படகை விறகுக்கு உடைக்கும்போது மட்டும்தான். உயிரை வெளியே எடுத்துவிட்ட படகு மிதக்கும், திரும்பாது என்பார்கள்.

"என் முடியத்தானே வாங்கிட்டுப் போன?" என்றாள் அத்தை.

"வாங்கினேன். வைக்கல. அவனோடதை வச்சேன்." மாமா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவனும் படகும் ஒண்ணா இருந்தா அது அவனை விடாதுன்னு நினைச்சேன். எங்க போனாலும் ஒண்ணாப் போயி ஒண்ணா வரும்னு."

அத்தை அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அது அவனை விட்டுட்டு வரல, அய்ஜூ. அவன் உள்ள இருக்கான்னு நினைச்சுட்டு வந்துருச்சு. அவன் தண்ணியில விழுந்தது அதுக்குத் தெரியாது. உள்ளதான் இருக்கான்னு நேரா வீட்டுக்கு வந்துருச்சு. உன் முடி இருந்திருந்தா, ஆளில்லாம உன் முகத்துல முழிக்க முடியாதுன்னு அங்கயே நின்னிருக்கும். சுத்திக்கிட்டாவது இருந்திருக்கும். பின்னால போன யாராச்சும் பாத்திருப்பாங்க."

நான் கல்லூரியில் படித்தவள். எஞ்சின் ஓடினால், சுக்கான் கட்டியிருந்தால் படகு நேராகத்தான் வரும் என்று எனக்குத் தெரியும். அன்று அந்த மேசையில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தாலும் அதை நானே நம்பியிருப்பேனா என்று தெரியவில்லை.

அத்தை கத்துவாள் என்று நினைத்தேன். அவள் தாழ்ந்த குரலில்தான் கேட்டாள்.

"வருஷம் முழுக்க நாரைப் பிடுங்கற சாக்குல அந்தக் குழிய வெறிச்சுப் பாத்துட்டே இருந்திருக்க. ஏன் திறக்கல?"

"திறந்தா அது படகு இல்ல, விறகு. அவன் பேர்ல மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

"அவன் அங்க தண்ணிக்குள்ள கிடக்கான்யா. உனக்குப் படகு!"

"விதி அப்படி."

"விதியா? பொம்பளை முடிய வைக்கணுங்கறது விதி இல்லையா? அப்ப மீறினல்ல? வைக்கறதுக்கு ஒண்ணை மீறினவனுக்கு எடுக்கறதுக்கு இன்னொண்ணை மீறத் தெரியாதா?" அவள் எழுந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள். "அவனை வெளிய எடு. என்னை உள்ள வை."

மறுநாள் வெளிச்சம் வந்ததும் மூன்று பேரும் கரைக்குப் போனோம். என்ன செய்யப் போகிறோம் என்று சொன்னதும் ஹூ தன் காதைத் தொட்டுக் காட்டி, "எனக்கு எதுவும் கேக்கல" என்றார். பிறகு முகத்தைத் திருப்பி, "கண்ணும் இப்ப சரியா தெரியறதில்ல" என்று சொல்லிவிட்டு மணலில் தூரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடைப்புப் பசை கல்லாக இறுகியிருந்தது. மாமா உளியை வைத்தார். முதல் அடிக்கு அவருக்குக் கை வரவில்லை. அத்தை அவர் தோளில் கை வைத்தாள். தேற்றுவதற்கா, தள்ளுவதற்கா என்று எனக்குத் தெரியவில்லை. மூடி பெயர்ந்ததும் கற்பூர வாசனை வந்தது. உள்ளே பச்சை பிடித்த காசுகளும், அவற்றின் மேல் சிவப்பு நூல் கட்டிய சின்ன உருண்டையும் இருந்தன. அத்தை அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"நனையவே இல்ல" என்றாள்.

மாமா தன் கருவிப்பெட்டியின் அடியிலிருந்து ஒரு துணியைப் பிரித்து நீட்டினார். அன்று அவள் கொடுத்த முடி. கறுப்பாக, நெய் போல மின்னியது. அத்தை அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"இவ யாரு? இவளுக்குப் பிள்ளை செத்தது தெரியாது. இவ கூப்பிட்டா படகுக்கு என்ன புரியும்?" தன் நரைமுடியில் ஒரு கொத்தை அறுத்து அவர் கையில் வைத்தாள். "கரையில நிக்கறவ நான்தான்." மாமா அதைக் காசுகளின் மேல் வைத்துக் குழியை மறுபடி மூடி அடைத்தார்.

தண்டல் ஷாவ் கேள்விப்பட்டு வந்தார். படகைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"திறந்த படகுல யாரு ஏறுவா, சொல்லு?"

"நீ ஏறு" என்றாள் அத்தை. "செத்தவனைத் திட்டின வாய்தானே உன்னோடது? ஈடு கட்டு."

ஷாவ் சிரிக்கவில்லை. நீரேற்றத்தில் அவரேதான் கண்களின் துணியை எடுத்துவிட்டு, தனியாகப் படகைக் குடாவுக்கு வெளியே கொண்டுபோனார். நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். மாமா நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார். சாயங்காலம், அடுத்த ஏற்றம் தொடங்கும் நேரத்தில், படகு திரும்பி வந்தது. உள்ளே ஷாவ் நின்றுகொண்டு கையை ஆட்டினார். மூன்று பேரும் பதிலுக்கு ஆட்டினோம்.

அந்த ஏற்றத்திலேயே கூப்பிட்டுவிடலாம் என்றாள் அத்தை. வைக்கோல் ஆளைக் கொண்டுவந்து, அந்த முடி உருண்டையை உள்ளே வைத்து, நீரின் விளிம்பில் நிறுத்தினோம். பதில் சொல்லத் தம்பியோ மகனோ வேண்டும். எங்களுக்கு யாரும் இல்லை. ஷாவ் சொல்கிறேன் என்றார். மாமா அவரை விலக்கிவிட்டு வைக்கோல் ஆளின் பின்னால் போய் நின்றார். மகனுக்காகத் தகப்பன் பதில் சொல்லும் வழக்கம் இல்லை. ஆனாலும் யாரும் தடுக்கவில்லை.

"ஜிங்ஹாய்! தண்ணி குளிருது, வீட்டுக்கு வாடா!"

மாமாவின் வாய் திறந்தது, குரல் வரவில்லை. ஒரு அலை வந்து அவர் செருப்பை நனைத்துவிட்டுப் போனது.

"ஜிங்ஹாய்! சோறு ஆறுதுடா, வா!"

இப்போதும் இல்லை. மூன்றாவது அழைப்புக்கும் பதில் இல்லையென்றால் வைக்கோல் ஆளை அங்கேயே எரித்துவிட்டுப் போக வேண்டியதுதான். அத்தை திரும்பாமலே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "யோவ், இதுக்காவது வாயைத் திற."

பிறகு மூன்றாம் முறை கூப்பிட்டாள்.

"வந்துட்டேம்மா."

அது மாமாவின் குரல்தான். அவர் உதடு அசைந்ததை நான் பார்த்தேன். ஆனால் அந்த 'ம்மா' ஜிங்ஹாய் படகைக் கட்டிவிட்டு மேட்டில் ஏறி வரும்போது மூச்சிரைக்கச் சொல்வது போலவே இருந்தது. அத்தை உட்கார்ந்துவிட்டாள். ஷாவ் தொப்பியை எடுத்தார். நான் கடலைப் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் துணிவில்லை.

குன்றுக்கு ஏறும் கல்பாதை செங்குத்தானது. ஷாவும் ஹூவும் வைக்கோல் ஆளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். மாமா அதன் பக்கத்திலேயே, நீலச் சட்டைக் கையைப் பிடித்தபடி, வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தார். அவர் அவ்வளவு பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை.

"இங்க பாசி இருக்கு, வழுக்கும். இந்தக் கல்லு ஆடும், காலை வைக்காத. இது ஷாவ் வீட்டு நாய், உன்னைத் தெரியும், குரைக்காது. இன்னும் கொஞ்சம்தான். மெதுவா வா. நான் பிடிச்சிருக்கேன்."