வயிற்றுக்குள் கிணறு

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை வாசல் டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். துளை போட்ட தகரக் கதவு வழியே வந்த வெயில், என் சட்டையில் வரிசையாக வெளிச்சக் கட்டங்களைப் போட்டது. கை தானாக வயிற்றைத் தடவிப் பார்த்தது.

எழுபதுகளில், ஆரம்பாக்கத்தில், சித்தப்பாவிடம் அகல ஃபிலிம் சுருள் போடும் பெட்டி கேமரா இருந்தது. ஸ்டுடியோ நண்பர் கொடுத்த, இரு ஓரமும் வரிசையாகத் துளை போட்ட ஒல்லி ஃபிலிமைக் காகிதம் சுற்றி அதில் பொருத்தினார். அந்த ஃபிலிமின் முதுகில், எவ்வளவு சுற்ற வேண்டும் என்று காட்டும் எண்கள் இல்லை. குத்துமதிப்பாகச் சுற்றி, முதலில் கிணற்றையும் பிறகு என்னையும் எடுத்தார்.

படத்தில் என் நெற்றியிலும் முழங்காலிலும் வரிசையாகக் கறுப்பு ஓட்டைகள். போதாததற்கு, வயிற்றுக்குள் கிணறு தெரிந்தது.

“சித்தப்பா, நான் கீறனா, இல்லியா?”

“எனக்கே டவுட்டா கீதுடா. கெணத்தாண்ட போயி மூஞ்சி தெரியுதான்னு பாரு,” என்றார், சிரிக்காமல்.

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் நான் இல்லை. அலறினேன்.

“இப்பதானே வாளிய தூக்கினேன், தண்ணி அடங்கட்டும். இன்னாத்துக்குக் கத்திக்கினு கீற?” என்றாள் அம்மா.

அடங்கியது. முகம் மெல்ல மேலே வந்தது. கிணற்றடிக் கீற்றுத் தட்டியின் சந்துகளில் புகுந்த வெயில், அதன் நெற்றியில் வரிசையாக ஓட்டை போட்டிருந்தது.

சுற்றியது போதாமல் இரண்டு படமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிட்டதாகச் சித்தப்பா பிறகு விளக்கினார். என் வயிறு அதை இன்னும் நம்பவில்லை.

டீக்கடைக்காரரிடம் கேட்டேவிட்டேன்: “அண்ணே, நான் தெரியறேனா?”

“பின்னாடி நிக்கிறவனுக்கு நீ மட்டுந்தான் நைனா தெரியுற. கொஞ்சம் தள்ளிக்கோ.”

நிம்மதியாகத் தள்ளி நின்றேன். கட்டங்களும் கூடவே வந்தன.